54 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லை: கிறிஸ் டேவிஸின் ஆட்டச் சரிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஏப்ரல் 8 அன்று, பால்டிமோர் நகரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில், ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில், ஓரியோல்ஸ் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர் கிறிஸ் டேவிஸ் அடித்த பந்து இடப்புறக் களத்தில் நின்றிருந்த ராபி கிராஸ்மனின் கையுறைக்குள் போய்ச் சேர்ந்தது. பந்து மட்டையில் நன்றாகவே பட்டிருந்தது. ஆயினும், ஹிட் இல்லாமல் டேவிஸ் தொடர்ச்சியாகக் கடந்த 47-ஆவது மட்டை வாய்ப்பு அது. அமெரிக்க முதன்மை லீக் பேஸ்பாலின் வரலாற்றில், பந்து வீச்சாளர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், வேறு எவரும் இத்தனை முறை தொடர்ந்து வெறுங்கையுடன் திரும்பியதில்லை. அந்த ஆட்டத்தில் ஓரியோல்ஸ் 12-4 என்று எளிதாக வென்றது. டேவிஸ் மட்டும் ஐந்து வாய்ப்புகளிலும் தோற்றார். அறிவிக்கப்பட்ட பார்வையாளர் எண்ணிக்கை 6,585. 2015-இல் நகரக் கலவரத்தின்போது பார்வையாளர்களே அனுமதிக்கப்படாமல் நடந்த ஓர் ஆட்டத்தைத் தவிர்த்தால், அந்த மைதானம் அதுவரை கண்ட மிகச் சிறிய கூட்டம் அதுதான்.

எதிரணியில் அன்று இன்னொரு கிறிஸ் டேவிஸ் இருந்தார். ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் வேறு, உச்சரிப்பு ஒன்றே. முந்தைய 2018 சீசனில் 48 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் பறக்கும் அடிகள்) அடித்து லீக் முழுவதிலும் முதலிடம் பெற்றிருந்தவர் அவர். பால்டிமோரின் டேவிஸும் அதே முதலிடத்தில் இருமுறை நின்றவர் என்பதுதான் இந்த நிகழ்வை ஆராயத் தகுந்ததாக ஆக்குகிறது. திறமையற்ற ஒருவர் தொடர்ந்து தோற்பதில் வியப்பேதும் இல்லை. பேஸ்பாலில் மிக வலுவாக அடிப்பவர்களில் ஒருவராக இருந்தவர் எப்படி இந்த நிலைக்கு வந்தார், வந்த பிறகும் ஏன் தொடர்ந்து களமிறக்கப்பட்டார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்கிடும் முறை

கிரிக்கெட்டில் பழகியவர்களுக்காக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பேஸ்பாலில் ஒரு மட்டையாளருக்கு ஒரே ஆட்டத்தில் நான்கைந்து முறை மட்டை பிடிக்கும் முறை வரும். ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். பந்தை அடித்துவிட்டு, களத்தடுப்பாளரின் பிழையின் உதவி இல்லாமல், பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய தளங்களில் ஒன்றை, அடைந்தால் அது ஹிட். நான்கு தவறான பந்துகளைப் பெற்று இலவசமாக முதல் பேஸுக்குப் போவது போன்றவை மட்டை வாய்ப்பாகக் கணக்கிடப்படுவதில்லை. பத்து வாய்ப்புகளில் மூன்று ஹிட் அடிப்பவர், அதாவது 0.300 சராசரி வைத்திருப்பவர், சிறந்த மட்டையாளர். ஆகவே தோல்விதான் இந்த ஆட்டத்தின் இயல்பு நிலை. நல்ல ஆட்டக்காரர்களும் இருபது வாய்ப்புகள் வரை ஹிட் இல்லாமல் போவதுண்டு.

டேவிஸின் கடைசி ஹிட் 2018 செப்டம்பர் 14 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு எதிராக வந்தது. அந்த சீசனின் எஞ்சிய 21 வாய்ப்புகளிலும் அவர் தோற்றார். குளிர்கால இடைவெளிக்குப் பிறகு, 2019-இன் முதல் 33 வாய்ப்புகளிலும் தோற்றார்; ஆக மொத்தம் 54. முந்தைய சாதனை யூஜீனியோ வெலஸ் என்பவருடையது: 2010-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்காக 9, 2011-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 37, ஆக மொத்தம் 46. அவருக்கு முன் பில் பெர்கன் 1909-இலும், டேவ் கேம்பல் 1973-இலும், கிரெய்க் கவுன்சல் 2011-இலும் 45 வரை போயிருந்தனர். மட்டையாட்டத்தை எவரும் எதிர்பார்க்காத பந்து வீச்சாளர்களிடையே கணக்கு வேறு; 1962-இல் பாப் பூல் 70 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட அடிக்காமல் அந்த சீசனையே முடித்தார்.

உயரமும் அதன் விலையும்

டெக்சஸ் மாநிலத்தின் லாங்வியூ நகரில் 1986-இல் பிறந்த டேவிஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியில் தொடங்கி, 2011 ஜூலை இறுதியில் நடந்த ஒரு மாற்று ஒப்பந்தத்தில் பால்டிமோருக்கு வந்தார். இடது கை மட்டையாளர். பந்தை வலப்புறம் இழுத்து வெகு தொலைவுக்கு அடிப்பவர். 2012-இல் 33 ஹோம் ரன்கள் அடித்தார். அதே ஆண்டு மே மாதம் பாஸ்டனில் 17 இன்னிங்ஸ் நீண்ட ஓர் ஆட்டத்தில், எட்டு வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லாமல் நின்ற அவரையே, பந்து வீச்சாளர்கள் தீர்ந்துபோனதால், வீசச் சொன்னார்கள். இரண்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்னும் கொடுக்காமல் வெற்றியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். பால்டிமோர் ரசிகர்கள் அவரை நேசிக்கத் தொடங்கியதற்கு ஹோம் ரன்கள் அளவுக்கு அந்த இரவும் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2013-இல் 53 ஹோம் ரன்கள், அவரது ஆட்டத்தால் அணிக்கு வந்த 138 ரன்கள், 0.286 சராசரி. பிரேடி ஆண்டர்சன் 1996-இல் வைத்திருந்த 50 என்ற அணிச் சாதனை முறிந்தது. 2014-இல் சராசரி 0.196 ஆகச் சரிந்தது. அதோடு, முந்தைய ஆண்டுகளில் மருத்துவ அனுமதியுடன் எடுத்துக்கொண்ட ஆம்ஃபெட்டமின் வகை மருந்தை அந்த ஆண்டு அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டதற்காக செப்டம்பரில் 25 ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2015-இல் 47 ஹோம் ரன்களுடன் அவர் மீண்டும் லீக்கின் உச்சிக்கு வந்தார். விழுந்து எழுந்த இந்த ஓராண்டு அனுபவம், பின்னர் நடந்ததைத் தவறாகப் புரிந்துகொள்ள அணிக்கும் ரசிகர்களுக்கும் வழிவகுத்தது. ஒருமுறை எழுந்தவர் இன்னொரு முறையும் எழுவார் என்று காத்திருப்பது இயல்பானதுதானே.

2016 ஜனவரியில் ஓரியோல்ஸ் அவருடன் ஏழு ஆண்டுகளுக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. அணியின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் இல்லை. அதில் 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒத்திவைக்கப்பட்டு, 2037 வரை தவணைகளாகக் கொடுக்கப்படும் என்று முடிவாயிற்று. ஒப்பந்தம் தொடங்கியபோது அவருக்கு வயது 30. அதன்பின் சராசரி 0.221, 0.215, 0.168 என்று படிப்படியாக இறங்கியது. 2018-இன் 0.168, தகுதி பெறத் தேவையான எண்ணிக்கையில் ஆடிய எந்த மட்டையாளரும் முதன்மை லீக்கில் கண்ட மிகக் குறைந்த சராசரி. அதற்கு முன் அந்த அடித்தளத்தில் ராப் டியரும் (1991) டான் அக்லாவும் (2013) 0.179 உடன் நின்றிருந்தார்கள்.

எண்கள் காட்டுவது

2013-ஐயும் 2018-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்டிரைக் அவுட்களின், அதாவது அடிக்கத் தவறியோ அடிக்கக்கூடிய பந்தை விட்டோ மூன்று ஸ்டிரைக் பெற்று வெளியேறியதன், எண்ணிக்கை: அங்கே 199, இங்கே 192. அதாவது மிகச் சிறந்த ஆண்டிலும் அவர் ஏராளமாகத் தவறவிட்டவர்தான். ஆனால் 2013-இல் அவர் 673 முறை மட்டை பிடிக்க வந்தார், 2018-இல் 522 முறைதான். விகிதமாகச் சொன்னால் ஏறத்தாழ 30 சதவீதம் 37 சதவீதமாக ஆகியிருந்தது. இந்த ஏற்றம் ஓர் ஆண்டில் வந்ததல்ல; 2015-இல் 31, 2016-இல் 33, 2017-இல் 37 என்று ஆண்டுக்காண்டு வளர்ந்தது. மூன்றாவது ஸ்டிரைக்கை மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்று வெளியேறுகிறார் என்ற குறையும் அந்த ஆண்டுகளில் அவர்மீது அடிக்கடி சொல்லப்பட்டது. பிட்ச்சரின் (பந்து வீச்சாளரின்) மேட்டிலிருந்து 18.44 மீட்டர் தொலைவில் நிற்கும் மட்டையாளரை, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 விநாடியில் அடைந்துவிடும். முடிவெடுக்கும் நேரத்தில் நூறில் சில பங்கு விநாடி கூடினாலும் பந்து போய்விடும்.

இரண்டாவது, மட்டையில் பட்டுக் களத்திற்குள் விழுந்த பந்துகளின் கதி. ஹோம் ரன்களை நீக்கினால், 2013-இல் அவர் களத்திற்குள் அடித்த 332 பந்துகளில் 114 ஹிட் ஆயின. அது 34 சதவீதம். 2018-இல் 262 பந்துகளில் 63 மட்டுமே, 24 சதவீதம். லீக்கின் பொதுச் சராசரி 30 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், 2013-இல் ஓரளவு அதிர்ஷ்டமும் அவருக்குத் துணை நின்றது என்று சொல்லலாம். 2018-இன் வீழ்ச்சிக்கோ வெறும் துரதிர்ஷ்டம் மட்டும் காரணமில்லை. அவர் வலப்புறமே இழுத்து அடிப்பார் என்பதை அறிந்த எதிரணிகள், உள்களத்தின் வலப் பாதியில் மூன்று தடுப்பாளர்களை நிறுத்தின. ஷிஃப்ட் என்று அழைக்கப்பட்ட இந்த வியூகம், முன்பு வலப்புற இடைவெளியில் புகுந்து ஓடிய பந்துகளை விழுங்கியது. இடப்புறம் திறந்து கிடந்ததே, அங்கே அடிக்கக் கூடாதா என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. வேகமாக உள்நோக்கி வரும் பந்தை எதிர்ப்புறம் திருப்புவது, இருபது ஆண்டுகளாக வலப்புறம் இழுக்கவே பழகிய உடலுக்கு எளிதல்ல.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வேலிக்கு அப்பால் எந்தத் தடுப்பாளரையும் நிறுத்த முடியாது. எனவே ஹோம் ரன்களின் குறைவுக்கு ஷிஃப்ட்டைக் காரணம் காட்டவே வழியில்லை. 2013-இல் ஸ்டிரைக் அவுட் ஆகாமல் முடிந்த வாய்ப்புகளில் ஏழுக்கு ஒன்று ஹோம் ரன் ஆயிற்று. 2018-இல் பதினேழுக்கு ஒன்று. பந்தைத் தவறவிடுவது கூடியிருந்தது, பட்ட பந்தின் வலுவும் குறைந்திருந்தது. இரண்டும் ஒன்றாக நிகழும்போது அதை வந்து போகும் தொய்வு என்று கருத இயலாது. திறன் தேய்ந்துகொண்டிருந்தது.

54 என்ற எண்ணையும் இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் மற்றதைச் சாராதது என்று எளிமைப்படுத்திக்கொண்டால், 0.286 சராசரி கொண்ட 2013-இன் டேவிஸ் குறிப்பிட்ட 54 வாய்ப்புகளிலும் தோற்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 8 கோடியில் ஒன்று. 0.168 கொண்ட 2018-இன் டேவிஸுக்கு அது ஏறத்தாழ 20 ஆயிரத்தில் ஒன்று. அது மட்டுமன்று, ஒவ்வொரு ஹிட்டுக்குப் பிறகும் இத்தகைய தொடர் புதிதாகத் தொடங்கக்கூடும் என்பதால், ஆண்டுக்கு 79 ஹிட் அடிக்கும் ஒருவருக்கு 260 சீசன்களில் ஒருமுறை இது நேரலாம். அரியதுதான், ஆனால் அதிசயம் அல்ல. செய்தித்தாள்கள் 54-ஐ ஒரு புதிராக எழுதின. புதிர் அங்கே இல்லை, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இருந்தது.

ஏன் தொடர்ந்து ஆடவிட்டார்கள்?

மிக மோசமான சாதனைகளுக்கு ஓர் அடிப்படைத் தேவை உண்டு: தோற்றுக்கொண்டிருப்பவருக்கு யாரோ தொடர்ந்து வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வெலஸ் ஒரு மாற்று ஆட்டக்காரர். 2011-க்குப் பிறகு அவர் முதன்மை லீக்கில் ஆடவே இல்லை. டேவிஸின் நிலை வேறு. ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஊதியம் கொடுத்தாக வேண்டும். அவரை வாங்கிக்கொள்ள வேறு அணி எதுவும் முன்வராது. அணியோ வெற்றிக்காக ஆடும் நிலையில் இல்லை. 2018-இல் ஓரியோல்ஸ் 115 ஆட்டங்களில் தோற்றது. அந்தச் சீசனின் முடிவில் மேலாளர் பக் ஷோவால்டர் போனார், அடுத்த ஆண்டு பிராண்டன் ஹைட் வந்தார், புதிய நிர்வாகம் அணியை அடியிலிருந்து மறுபடி கட்டத் தொடங்கியது. போட்டியில் இருக்கும் அணியாக இருந்திருந்தால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வேறொருவர் முதல் பேஸில் நின்றிருப்பார்.

முயற்சிகள் செய்யப்படாமல் இல்லை. 2018-இன் முதல் ஆட்டத்தில் ஷோவால்டர் அவரை, ஓட்ட வேகம் உள்ளவர்களுக்கே வழக்கமாக உரிய முதல் இடத்தில் மட்டை பிடிக்க அனுப்பினார், அது பலிக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாக அவரை உட்காரவைத்து, மட்டை வீச்சைத் திருத்தப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தவுடன் ஒரு ஹோம் ரன் வந்தது; சராசரியோ அசையவில்லை.

இங்கே ஆடம் டன்னின் 2011 சீசனை நினைவுகூர்வது பயன் தரும். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியுடன் நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் ஆண்டிலேயே அவர் 0.159 என்று சரிந்தார். இடது கை பிட்ச்சர்களுக்கு எதிராக 94 வாய்ப்புகளில் ஆறே ஹிட். ஆனால் தகுதிக்குத் தேவையான 502 முறைக்குப் பதிலாக 496 முறை மட்டுமே மட்டை பிடித்ததால் சாதனைப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. அந்த ஆறு முறை கூடியிருந்தால், 2018-இல் டேவிஸைப் பற்றி எழுதப்பட்ட தலைப்புகள் பாதியாகக் குறைந்திருக்கும். அடுத்த ஆண்டே டன் 41 ஹோம் ரன்கள் அடித்தார். சராசரி 0.204-ஐத் தாண்டவில்லை என்றாலும் அவரது வலு திரும்பியிருந்தது. தொய்வு என்று உண்மையிலேயே அழைக்கத்தக்கது டன்னுக்கு நேர்ந்தது. டேவிஸுக்கு நேர்ந்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

கூட்டத்தின் நடுவே

2019 ஏப்ரல் 4 அன்று, சொந்த மைதானத்தில் அந்தச் சீசனின் முதல் ஆட்டத்தில், மூன்று முறை ஸ்டிரைக் அவுட் ஆன டேவிஸை ரசிகர்கள் கூவி இகழ்ந்தார்கள். நான்காவது முறைக்கு வேறொருவர் அனுப்பப்பட்டார். நான்கு நாட்களுக்குப் பிறகு, சாதனை முறிந்த அந்த ஆட்டத்தில், வந்திருந்த சிறு கூட்டம் அவருக்காகக் கைதட்டியது. இகழ்ந்தவர்களும் தட்டியவர்களும் வேறு வேறு ஆட்களா, அல்லது ஒரே ஆட்களின் மனம் மாறிற்றா என்று சொல்ல இயலாது. ஊதியத்தை நினைத்தால் கோபம் வரும். எதிரே தனியாக நிற்கும் மனிதரைப் பார்த்தால் அது தாங்காது.

இத்தகைய ஆதரவுக்கு பேஸ்பாலில் ஒரு முன்னுதாரணம் உண்டு. லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1952-இன் ஏழு ஆட்டங்களில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கில் ஹாட்ஜஸ் 21 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. அடுத்த சீசனின் தொடக்கமும் மோசமாகவே இருந்தது. புரூக்ளின் மக்கள் அவரை இகழவில்லை. ஒரு பாதிரியார் தேவாலயத்தில், வெயில் அதிகம் என்று சொல்லிப் பிரசங்கத்தைத் தவிர்த்துவிட்டு, ஹாட்ஜஸுக்காக ஜெபிக்கும்படி மட்டும் சபையைக் கேட்டுக்கொண்டார். ஹாட்ஜஸ் 1953-ஐ 0.302 சராசரியுடனும் 31 ஹோம் ரன்களுடனும் முடித்தார். ஜெபம் பலித்தது என்று நம்புவோர் நம்பலாம். மேலாளர் சார்லி டிரெசன் அவரது ஆட்டத்தைப் படம்பிடித்து, அடிக்கும் கணத்தில் முன்கால் பந்திலிருந்து விலகிப் போவதைக் காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாட்ஜஸின் குறை கண்டுபிடித்துத் திருத்தக்கூடியதாக இருந்தது. டேவிஸின் காலத்தில் எத்தனையோ கேமராக்கள் ஒவ்வொரு மட்டை வீச்சையும் அளந்தன. எதைத் திருத்துவது என்பதற்கு அவை விடை தரவில்லை.

முடிவுக்கு வந்த தொடரும் தொடர்ந்த தேய்வும்

2019 ஏப்ரல் 13 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், முதல் இன்னிங்ஸிலேயே, மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க, ரிக் போர்செல்லோ வீசிய பந்தை டேவிஸ் வலப்புறக் களத்திற்கு அடித்தார். இரண்டு ரன்கள் வந்தன. அந்தப் பந்தைத் தனக்குத் தரும்படி அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று ஐந்து வாய்ப்புகளில் மூன்று ஹிட், அவற்றில் இரண்டு, இரண்டாம் பேஸ் வரை கொண்டு சேர்த்த அடிகள். அணி 9-5 என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் எதிரணி ரசிகனான ஒரு சிறுவன் எழுதிய ஆறுதல் கடிதம் தனக்கு எவ்வளவு பொருள்பட்டது என்று டேவிஸ் பின்னர் சொன்னார். செய்தியாளர்களுக்கு அது கதையின் இனிய முடிவாயிற்று.

கதை அங்கே முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின்போது மேலாளர் ஹைட்டுடன் ஏற்பட்ட வாக்குவாதத்தில், சக ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் டேவிஸைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு 0.179 சராசரி, 12 ஹோம் ரன்கள். நவம்பரில் அவரும் மனைவியும் பால்டிமோரில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்த ஊர் அவர்மீது கொண்டிருந்த கோபத்துக்கு நடுவே நடந்தது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். 2020-இல் முழங்கால் தொல்லையுடன் 52 வாய்ப்புகளில் 6 ஹிட். 2021-இல் முதுகும் இடுப்பும் பாதிக்கப்பட்டு, இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்ட் 12 அன்று ஓய்வை அறிவித்தார். பெரிய ஒப்பந்தத்தின் கீழ் ஆடிய ஐந்து ஆண்டுகளின் மொத்தச் சராசரி 0.196.

2023 முதல் முதன்மை லீக், இரண்டாம் பேஸின் இருபுறமும் இரண்டிரண்டு உள்களத் தடுப்பாளர்கள் நிற்க வேண்டும் என்று விதி வகுத்து ஷிஃப்ட்டைத் தடைசெய்தது. டேவிஸின் காலத்திலேயே அந்த விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலரும் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018-இல் அவர் களத்திற்குள் அடித்த 262 பந்துகளில் லீக் சராசரியான 30 சதவீதம் ஹிட் ஆகியிருந்தால் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 16 ஹிட், சராசரி 0.168-இலிருந்து 0.200-ஐச் சற்றே தாண்டும். மிகக் குறைந்த சராசரிக்கான சாதனை அவர் பெயரில் இருந்திருக்காது, 54 வாய்ப்புத் தொடரும் பெரும்பாலும் நேர்ந்திருக்காது. 16 ஹோம் ரன்களும் 192 ஸ்டிரைக் அவுட்களும் அப்படியே இருந்திருக்கும்.